வீட்டிலேயே டிவி ஏரியல் செய்வது: அளவு முதல் கூரை வரை, படிப்படியாக

மலேசியாவில் 2019 அக்டோபர் 31க்குப் பிறகு பழைய அனலாக் ஒளிபரப்பு இல்லை. இப்போது வானலையில் வருவது டிவிபி-டி2 டிஜிட்டல் மட்டும்தான். மாதக் கட்டணம் கிடையாது. டிவி2இன் தமிழ்ச் செய்தி வரும், மின்னல் எஃப்எம் வானொலிகூட டிவியிலேயே கேட்கும். ஆனால் எங்கள் சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) தோட்டங்களிலும் பல வீடுகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. டிவியோடு வந்த சின்ன ஏரியலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம இடத்துக்கு வராது" என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்ட வீடுகளில் சிலவற்றுக்கு நான் ஏரியல் செய்து கொடுத்திருக்கிறேன். பிறகு இளைஞர்கள் சிலருக்குச் செய்யக் கற்றுக் கொடுத்தேன். கம்பியை வளைப்பதில் அவர்களில் யாரும் பெரிதாகத் தவறவில்லை. வளைப்பதற்கு முன்னும் வளைத்த பின்னும்தான் தவறினார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் மலையைத் தேடுங்கள்

கம்பி வாங்குவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் நல்ல ஏரியல் செய்து பயனில்லை. நாம் செய்யப்போவது ஒரு பக்கம் பார்க்கும் ஏரியல். முதுகைக் காட்டி வைத்தால், டிவியோடு வந்த சின்ன ஏரியலைவிட மோசமாகத்தான் எடுக்கும்.

எங்களுக்கு சிக்னல் குனோங் ஜெராய் மலையில் உள்ள கோபுரத்திலிருந்து வருகிறது. 1,217 மீட்டர் உயரம் என்பதால் சுற்றுவட்டாரம் முழுக்க அதைப் பார்க்கலாம். சுங்கை பட்டாணியிலிருந்து ஏறக்குறைய 17 கிலோமீட்டர், கொஞ்சம் மேற்கே சாய்ந்த வடக்கு. பட்டர்வொர்த்தில் இருப்பவர்களுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட நேர் வடக்கு. மலாக்கா, மூவார் பக்கம் என்றால் குனோங் லேடாங். கைபேசி வரைபடத்தில் உங்கள் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் ஒரு கோடு போட்டு, திசையைக் குறித்து வையுங்கள்.

அடுத்து, நன்றாகப் படம் வரும் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். அங்கே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அவர்கள் ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கிறது? அதன் குச்சிகள் தரைக்குப் படுக்கையாக இருக்கின்றனவா, நட்டுக்குத்தலாக இருக்கின்றனவா? அவர்கள் டிகோடரின் (டிஜிட்டல் சிக்னலைப் படமாக்கி டிவிக்குக் கொடுக்கும் பெட்டியின்) சிக்னல் பக்கத்தில் என்ன சேனல் எண், என்ன அலைவரிசை காட்டுகிறது? மூன்றாவதைக் கட்டாயம் எழுதி வாருங்கள். 10ஆம் படியில் அது இல்லாமல் வேலை நடக்காது.

ஒரு தவறை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டு பார்க்கும் பக்கமே ஏரியலையும் திருப்பிவிடுகிறார்கள். தட்டு பார்ப்பது வானத்தில் உள்ள செயற்கைக்கோளை. ஏரியல் பார்க்க வேண்டியது தரையில் நிற்கும் கோபுரத்தை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

2. கையில் இருப்பதைச் சோதியுங்கள்

டிவியில் டிவிபி-டி2 வசதி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிவி என்றால் டிகோடர் வேண்டும். ஏரியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழைய டிவி டிஜிட்டலைத் தானாகப் படிக்காது.

டிகோடரின் பின்புறத்தில் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். ஏரியல் போக வேண்டியது உள்வாங்கும் துளையில். வெளியே அனுப்பும் துளையில் செருகிவிட்டு அரை நாள் அலைந்தவர்கள் உண்டு.

பிறகு டிகோடரையும் டிகோடருக்கும் ஏரியலுக்கும் நடுவே ஓடும் கேபிளையும் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கத்து வீட்டு ஏரியலில் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் அவை இரண்டிலும் பழுதில்லை. இந்தப் பத்து நிமிட வேலை பின்னால் ஒரு முழு நாளை மிச்சமாக்கும்.

3. சேகரிக்க வேண்டியவை

ஒற்றைக் கம்பியாக உள்ள செம்பு, தடிமன் 2 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல், ஒன்றேகால் மீட்டர். பல இழை முறுக்கிய ஒயர் வேண்டாம், வளைத்த வடிவத்தில் நிற்காது. துணி மாட்டும் இரும்புக் கம்பியும் வேண்டாம். மழையில் துருப்பிடித்து ஆறு மாதத்தில் போய்விடும்.

திருகு கனெக்டர், அதாவது ஒயர்காரர்கள் இரண்டு ஒயரைச் சேர்க்கப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பட்டை. அதில் 30 ஆம்பியர் அளவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகளை மட்டும் வெட்டி எடுங்கள். சிறிய அளவு வாங்கினால் கம்பியும் கேபிளும் சேர்ந்து உள்ளே போகாது.

கண் சிறிதாக உள்ள கம்பி வலை, 40க்கு 55 செ.மீ. கண் இரண்டரை செ.மீ.க்குள் இருக்கட்டும். 60 செ.மீ. மரச்சட்டம் ஒன்று, 7 செ.மீ. உயர மரக்கட்டை ஒன்று, அதே உயரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் இரண்டு. ஆர்ஜி6 கேபிள் (நடுவே ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோக வலையும் உள்ள 75 ஓம் ஏரியல் கேபிள்), நுனிக்கு எஃப் கனெக்டர் (அந்தக் கேபிளின் நுனியில் மாட்டும் உலோக முனை), அதை டிகோடரில் செருகும் அடாப்டர். 8ஆம் படிக்கு ஒரு மல்டிமீட்டர், மின் தொடர்பு இருந்தால் சத்தமிடும் வகை.

ஆஸ்ட்ரோவை நிறுத்திய வீட்டில் பழைய ஆர்ஜி6 கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும். நுனியில் ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். உள்ளே வலை கறுக்காமல் பளிச்சென்று இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். தட்டைத் தாங்கும் இரும்புக் கால்கூட நம் ஏரியலுக்கு உதவும். கேபிள் தவிர மற்ற எல்லாம் எனக்கு 20 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

4. ஏன் 13 செ.மீ.

நாம் செய்வது இரட்டைச் சதுர ஏரியல். வைரம் போல நிற்கும் இரண்டு சதுரங்கள், ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொரு பக்கமும் அலையின் நீளத்தில் கால் பங்கு.

இங்கே டிஜிட்டல் டிவிக்கு உள்ள அலைவரிசை 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 580 என்று வைத்துக்கொள்ளுங்கள். 300ஐ 580ஆல் வகுத்தால் அலைநீளம் 0.517 மீட்டர். அதில் கால் பங்கு 12.9, சரி, 13 செ.மீ. சிங்கப்பூரில் வசந்தம் என்ற தமிழ்ச் சேனலைப் பார்ப்பவர்களுக்கும் இதே அளவு பொருந்தும், அங்கேயும் இதே முறை, இதே அலைப்பட்டைதான்.

பக்கத்து வீட்டில் குறித்து வந்த அலைவரிசை 500க்குப் பக்கத்தில் இருந்தால் 14 செ.மீ. வைக்கலாம். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் பழைய அனலாக் காலத்து அளவுகளைப் பார்த்துச் செய்யாதீர்கள். அவற்றில் பல, இதைவிட நீளமான விஎச்எஃப் அலைக்கானவை. ஒரு கை நீளத்துக்குக் கம்பி இருக்கும், இந்த அலைக்கு உதவாது.

வேறு வடிவங்களும் நன்றாக எடுக்கும். வண்ணத்துப்பூச்சி போல வி வி வடிவில் கம்பி வைக்கும் ஏரியல் நல்லதுதான். ஆனால் அதற்கும் கேபிளுக்கும் நடுவே 300க்கு 75 மின்மாற்றி ஒன்று வேண்டும், மலிவான மின்மாற்றி வாங்கினால் அதிலேயே சிக்னல் போய்விடும். இரட்டைச் சதுரத்தை 75 ஓம் கேபிளில் நேரடியாக இணைக்கலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு இதைச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

5. கம்பியை வளைப்பது

கம்பியை 54 செ.மீ. துண்டுகளாக இரண்டு வெட்டுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு சதுரம். நான்கு பக்கத்துக்கு 52, கனெக்டருக்குள் போக இரு நுனியிலும் 1 செ.மீ.

முதலில் கம்பியைத் தரையில் உருட்டி நேராக்குங்கள். பிறகு ஒரு நுனியிலிருந்து 14, 27, 40 செ.மீ.யில் பேனாவால் குறியுங்கள். வளைத்துக்கொண்டே அளந்தால் ஒவ்வொரு மூலையிலும் சில மில்லிமீட்டர் தின்றுவிடும், கடைசிப் பக்கம் குட்டையாகிவிடும். அதனால் எல்லாக் குறியையும் போட்டுவிட்டுத்தான் குறட்டை எடுக்க வேண்டும்.

மூன்று குறியிலும் ஒரே பக்கமாக 90 டிகிரி வளையுங்கள். இரு நுனிகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் தொடக் கூடாது. கடைசி 1 செ.மீ.யை மட்டும் இரண்டும் இணையாக இருக்கும்படி திருப்புங்கள், கனெக்டரின் இரண்டு அறைக்குள் நேராகப் போகும். இன்னொரு துண்டையும் இப்படியே செய்யுங்கள்.

இப்போது மேல் சதுரத்தின் நுனிகள் கனெக்டரின் மேல் பக்கத்தில், கீழ்ச் சதுரத்தின் நுனிகள் கீழ்ப் பக்கத்தில். இடது நுனிகள் இரண்டும் இடது அறையில், வலது நுனிகள் இரண்டும் வலது அறையில். பார்க்க 8 போல இருக்கும். ஆனால் நாம் 8 எழுதும்போது கோடு நடுவில் குறுக்கே வெட்டிப் போகுமே, அப்படிக் கம்பி குறுக்கே போகக் கூடாது. இடது இடதோடு, வலது வலதோடு. நடுவே 1 செ.மீ. இடைவெளி. இது மாறினால் இரண்டு சதுரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

நுனிகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டு மாட்டுங்கள். சில செம்புக் கம்பிகளுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் இருக்கும், அதோடு திருகினால் மின் தொடர்பே இருக்காது. திருகை இப்போதைக்குத் தளர்வாக விட்டு வையுங்கள், கேபிள் இன்னும் வரவில்லை.

6. பின்வலை

மரச்சட்டத்தின் முன்பக்கத்தில் வலையை ஆணியடித்துப் பொருத்துங்கள். நடுவில் 7 செ.மீ. மரக்கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கனெக்டரைத் திருகுங்கள். மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் குழாய்த் துண்டுகளை முட்டுக் கொடுங்கள். சதுரங்கள் முழுக்க வலைக்கு இணையாக, 7 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். கம்பி எங்கேயும் வலையைத் தொடக் கூடாது.

இந்த வலை பின்னால் இருந்து வரும் எதிரொலியைத் தடுக்கும், முன்னால் இருந்து வருவதைத் திருப்பிக் கம்பிக்கே அனுப்பும். சதுரம் மட்டும் இருந்தால் முன்னும் பின்னும் ஒரே அளவு எடுக்கும். டிஜிட்டலில் அது தலைவலி.

தகடு வைக்கலாமா என்று கேட்பார்கள். வேலை செய்யும், ஆனால் காற்றுக்குப் படகுப் பாய் போல இழுக்கும். வலைக்குக் காற்று ஒரு பொருட்டில்லை. அடுப்பின் கம்பித் தட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதன் கம்பிகள் படுக்கையாக ஓட வேண்டும். நட்டுக்குத்தலாக ஓடினால் நம் அலை அவற்றின் இடையே புகுந்து போய்விடும்.

7. கேபிளை இணைப்பது

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஆர்ஜி6 கேபிளின் வெளி வலை பெரும்பாலும் அலுமினியம். அதில் ஈயம் ஒட்டாது. ஒட்டுகிற மாதிரி தெரியும், ஒரு வாரத்தில் கழன்றுவிடும். திருகு கனெக்டரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முக்கியக் காரணம். ஈயம் பற்றவைக்கும் கருவி தேவையே இல்லை.

8ஆம் படியில் உள்ள கேபிள் சோதனையை முதலில் முடித்துவிட்டு, கேபிளை வலையின் நடுவே மரக்கட்டைக்கு ஒட்டினாற்போல ஒரு கண் வழியாகப் பின்பக்கத்திலிருந்து முன்னால் கொண்டு வாருங்கள். வெளித்தோலை 3 செ.மீ. உரித்து, வலை இழைகளைப் பின்னால் தள்ளி, ஒரே இழையாக முறுக்குங்கள். நடுக்கம்பியை 1 செ.மீ. உரியுங்கள். நடுக்கம்பி ஓர் அறைக்கு, முறுக்கிய வலை இன்னோர் அறைக்கு. எது எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. இப்போது எல்லாத் திருகையும் இறுக்குங்கள்.

ஒரே ஓர் இழை தப்பி நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், படம் வராது. வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள்.

கேபிளை ஏரியலின் முன்பக்கமாகவோ ஓரமாகவோ தொங்கவிடக் கூடாது. வந்த வழியே நேராக வலைக்குப் பின்னால் போய், சட்டத்தோடு ஒட்டிக் கீழே இறங்க வேண்டும். முன்னால் தொங்கும் கேபிளும் ஓர் ஏரியலாக மாறி வேண்டாததை எல்லாம் சேர்த்து எடுக்கும்.

8. மீட்டர் சொல்வதைப் புரிந்துகொள்வது

ஏரியலில் மாட்டும் முன்பே கேபிளை மட்டும் தனியாகச் சோதித்திருக்க வேண்டும். நடுக்கம்பிக்கும் கேபிளின் வெளி வலைக்கும் இடையே மீட்டர் சத்தமிடக் கூடாது. சத்தமிட்டால் கேபிளிலோ எஃப் கனெக்டரிலோ தொடுப்பு, அதாவது இரண்டும் தொட்டுக்கொள்ளும் ஷார்ட், இருக்கிறது.

ஏரியலில் மாட்டிய பிறகு சோதித்தால் மீட்டர் சத்தமிடும். பயப்படாதீர்கள், பிரிக்காதீர்கள். சதுரம் என்பது ஒரு மூடிய வளையம். இடது அறையிலிருந்து கம்பியைச் சுற்றிப் போனால் வலது அறைக்கு வந்துவிடலாம். மீட்டருக்கு அது தொடுப்பு. 580 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஏரியல். இதை அறியாமல் நன்றாக இருந்ததைப் பிரித்து மூன்று முறை திரும்பச் செய்த ஒரு தம்பி எனக்குத் தெரியும். அவரிடம் முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

இதனாலேயே இன்னொன்றும் செய்ய வேண்டும். பல டிகோடர்களில் ஏரியலுக்கு 5 வோல்ட் மின்சாரம் அனுப்பும் அமைப்பு ஒன்று மெனுவில் இருக்கும். அதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் நம் வளையத்தில் நேராகச் சுற்றும், டிகோடர் எச்சரிக்கை காட்டும் அல்லது அதற்குப் பழுது வரும்.

9. கூரைக்கு முன் தரையில்

முதல் சோதனையை வாசலில் செய்யுங்கள். ஒரு நாற்காலியின் முதுகில் ஏரியலைக் கட்டி, மலைப் பக்கம் திருப்பி வைத்துச் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். கொஞ்சமாவது வர வேண்டும். இங்கே சுழி என்றால் கூரையில் ஏறி என்ன செய்வது? கீழேயே சரி செய்துகொண்டு போகலாம்.

பக்கத்து வீட்டுக் குச்சிகள் படுக்கையாக இருந்தால் நம் 8 நிமிர்ந்து நிற்க வேண்டும். அவர்கள் குச்சி நட்டுக்குத்தல் என்றால் நம் 8ஐப் படுக்க வைக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றும், ஆனால் சரி. இரட்டைச் சதுரத்தில் மின்னோட்டம் நடு இடைவெளியைத் தாண்டிக் குறுக்கே ஓடுகிறது. அதனால் நிமிர்ந்த 8 படுக்கை அலையை எடுக்கும்.

10. இடம் பிடித்தல், திருப்புதல்

வீட்டுக் கூரைக்குள் வைத்தால் மழை படாதே என்று பலர் நினைப்பார்கள். ஓட்டுக் கூரைக்கு அடியில் வெயிலைத் தடுக்க அலுமினியத் தாள் விரித்த வீடுகள் இங்கே நிறைய. அந்தத் தாளும் சரி, தகரக் கூரையும் சரி, சிக்னலை மறித்துவிடும். வெளியே வையுங்கள். மலைப் பக்கச் சுவரில், கூரை விளிம்புக்கு மேலே ஒரு முழம் எழும்பி நின்றால் நல்லது.

செம்பனை மரங்கள் எதிரே இருந்தால் கவனம். ஈர இலை இந்த அலையை நிறையக் குடித்துவிடும், வெயிலில் வரும் படம் மழை நாளில் போகும். மேலே ஏற்ற முடியாவிட்டால், இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். அரை மீட்டர் நகர்த்தியதில் சரியான வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனித் திருப்புவது. இதற்கு இருவர் வேண்டும். உள்ளே இருப்பவர் டிகோடரில் கைமுறைத் தேடலுக்குப் போய், பக்கத்து வீட்டில் குறித்த சேனல் எண்ணைப் போட வேண்டும். திரையில் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் தெரியும். பார்க்க வேண்டியது தரத்தை மட்டும். வலிமை நிறையக் காட்டி, தரம் சுழியாக இருந்தால் நீங்கள் பிடித்திருப்பது இரைச்சல்.

வெளியே இருப்பவர் ஒரு கை அகலம் திருப்பிவிட்டு, பத்து வினாடி அசையாமல் நிற்க வேண்டும். அனலாக் காலத்தில் திருப்பத் திருப்பப் படம் மாறும். டிஜிட்டல் கணக்குப் போட்டுப் படம் காட்ட நேரம் எடுக்கும். விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் நல்ல இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். தரம் குறையத் தொடங்கும் இரண்டு ஓரங்களையும் கண்டுபிடித்து, நடுவில் நிறுத்தி இறுக்குங்கள். ஓரத்தில் நிறுத்தினால் இன்று படம் வரும், மழையில் போகும்.

தரம் நிலையானதும் தானியங்கித் தேடல் ஒரு முறை. முதலிலேயே தானியங்கித் தேடல் போட்டால், சிக்னல் இல்லாத நேரத்தில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும்.

11. தண்ணீரும் இடியும்

கனெக்டர் முழுவதையும் சிலிகானால் மூடுங்கள். வினிகர் வாசம் வரும் சிலிகான் வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாசமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் சீக்கிரம் அரித்துப்போகும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

மின்கம்பி போகும் பக்கத்தில் ஏரியல் கம்பத்தை நிமிர்த்தவே கூடாது. கம்பம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். மழை ஈரம் காயாத கூரையில் ஏறாதீர்கள். இரும்புக் கம்பத்துக்கு எர்த் கொடுக்க ஒயர்காரரைக் கூப்பிடுங்கள், நீங்களே செய்ய வேண்டாம். நம் ஊரில் இடி எப்படி இருக்கும் என்று தெரியும். வானம் கறுத்தால் கேபிளையும் மின்சாரத்தையும் டிகோடரிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு அந்தக் கேபிளில் கை வைக்க வேண்டாம்.

12. இன்னும் சரியாக வரவில்லை என்றால்

சில சேனல் வந்து சில வரவில்லையா? வலைக்கும் சதுரத்துக்கும் உள்ள 7 செ.மீ.யை 6 அல்லது 8 ஆக்கிப் பாருங்கள்.

கேபிள் எவ்வளவு நீளம்? ஆர்ஜி6 கேபிளில் 20 மீட்டர் ஓடினாலே வந்த சிக்னலில் பாதி போய்விடும். சுருட்டி வைத்திருக்கும் மிச்சத்தை வெட்டுங்கள். இரண்டு டிவிக்குப் பிரித்திருந்தால் அதிலும் பாதி போகும், பிரிப்பானை எடுத்துவிட்டு ஒரு டிவியில் பாருங்கள்.

பூஸ்டரைக் கடைசியாக யோசியுங்கள். டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் பூஸ்டர், கேபிளில் ஏற்கெனவே கெட்டுப்போன சிக்னலை இரைச்சலோடு சேர்த்துப் பெரிதாக்கும், அவ்வளவுதான். வைப்பதாக இருந்தால் ஏரியல் பக்கத்தில் வைக்கும் வகையை வாங்குங்கள். மலைக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பூஸ்டரே கெடுதல், டிகோடர் திணறி வந்த படமும் போய்விடும்.

பக்கத்தில் கைபேசிக் கோபுரம் இருந்தால் வேறொரு சிக்கல். 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இப்போது கைபேசி அலை. அது பலமாக வந்து டிவி சிக்னலை அமுக்கும். கேபிளுக்கும் டிகோடருக்கும் நடுவே மாட்டும் வடிகட்டி கடையில் கிடைக்கும், 694க்கு மேல் தடுப்பதா என்று கேட்டு வாங்குங்கள். அது வாங்கும் முன், முடிந்தால் வீட்டுச் சுவர் அந்தக் கோபுரத்தை மறைக்கும் பக்கத்துக்கு ஏரியலை மாற்றுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.